இதர

பிப்ரவரி.
ஆண்டறிக்கைக்குக் கெடு வெள்ளிக்கிழமை.
எனக்கு இங்கே அரைப் பதவி, அரை ஜன்னல்.
மீதி அரை ஜன்னல் தடுப்புக்கு அந்தப் பக்கம்
விடுதிக் கட்டணப் பிரிவில் திறந்து மூடுகிறது.

வெல்டன்ரோடே பயன்முறை அறிவியல் கல்லூரி:
மூன்று துறை, ஒரு காற்றுச் சுரங்கம்,
மாணவர்களைவிட அதிகமாய்ச் சைக்கிள்கள்.
வாரத்துக்குப் பதினெட்டு மணி வகுப்பு.
ஆராய்ச்சி என்பது
பத்தொன்பதாவது மணியில் நடப்பது.

எல்லோருக்கும் எழுதுகிறேன்:
சென்ற ஆண்டு என்ன கண்டுபிடித்தீர்கள்?
தயவுசெய்து நான்கு கட்டங்களுக்குள் சொல்லவும்.
கட்டுரை. காப்புரிமை. உரை. வெளி நிதி.
ஐந்தாவதாக ஒன்று உண்டு, 'இதர'.
காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவதுபோல
அமைச்சகம் போட்டுக்கொடுத்த கொசுறு.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஸ்வாண்ட்யே பொல்சின் முதலில் அனுப்பினார்.
மாவு பிசையும் எந்திரத்தின் இரைச்சலில்
நான்கு டெசிபல் குறைத்திருக்கிறார்.
அதிகாலை மூன்று மணிக்கு
எங்கோ ஒரு பேக்கரிக்காரர்
இப்போது தன் வானொலியைக் கேட்கிறார்.
கட்டுரை ஒன்று. மேற்கோள் இரண்டு.
இரண்டும் அவருடையவை.

குவாஸ்ட், சர்க்கரைக்கிழங்கு கழுவிய நீரை
மறுபடி கழுவுவது பற்றி.
அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்ய
எனக்கு இரண்டு வரி பிடித்தது.

லூட்கர் பெனெக்கேயின் படிவம் வெறுமையாக வந்தது.
கையெழுத்து மட்டும் ஒழுங்காக.

எனக்குத் தெரியும், அவர் சும்மா இருக்கவில்லை.
பதினோரு வியாழக்கிழமைகள்
ரயிலடி முதியோர் இல்லத்துக்குப் போனார்,
பை நிறையக் கேரட்டோடு.
அங்கே லிஃப்ட் கதவு விரல்களைக் கடித்துக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு கேரட்டாக நீட்டினார்,
நசுங்கியதை அளந்தார்,
சுருள்வில்லை மாற்றினார், மறுபடி நீட்டினார்.
இல்லத்தில் மாதக்கணக்கில் கேரட் சூப்.

தொலைபேசியில் கேட்டேன்.
"கதவு சரியாகிவிட்டது" என்றார்.
"சரியான கதவைப் பற்றி
என்ன எழுதுவது?"

நான் எழுதினேன், ஐந்தாவது கட்டத்தில்:
ஃப்ராவ் ஹென்ஸ்லர், இரண்டாம் மாடி,
இப்போதெல்லாம்
கையை மார்போடு சேர்த்துக்கொள்ளாமல்
லிஃப்டில் ஏறுகிறார்.
கணினி கேட்டது: எண்ணிக்கை?
பத்து என்று போட்டேன். விரல்கள்.

வியாழன் மாலை ஒரு கையெழுத்துக்காக
நிலவறை ஆய்வகத்துக்கு இறங்கினேன்.
அதிர்வு மேசையின் கீழே தெரிந்தது
ஒரு நீல அட்டை. என் நீலம்.
மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கை,
இடது பின்காலுக்கு முட்டுக்கொடுத்தபடி.

ஷ்டூபே வெட்கப்படவில்லை.
"மரத்துண்டு வைத்தேன், ஆடியது.
தகடு வைத்தேன், முனகியது.
இது மட்டும்தான் எதையுமே கடத்துவதில்லை.
யாரும் புரட்டாத தாள், ஃப்ராவ் டீட்ஸே,
இடையில் காற்றே இல்லை.
சரியாக ஆறு மில்லிமீட்டர்."

அவருடைய கட்டுரையை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன்.
காற்றாலைத் திருகாணிகள் தளர்வது பற்றிய அது
கொரியாவில்கூட யாரோ படித்திருக்கிறார்கள்.
கடைசிப் பத்தியில் நன்றியுரை:
ஆராய்ச்சி அலுவலகம் தந்த உறுதியான ஆதரவுக்கு.
அச்சில் வந்தபோதே பார்த்திருந்தேன்.
வெறும் மரியாதை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இந்த ஆண்டு
இருபது பக்கத்துக்கு மேல் கூடாதென்று
அமைச்சகத்திலிருந்து சுற்றறிக்கை.
மறுக்கவில்லை.
அச்சகத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதினேன்:
கனத்த தாள். இருப்பதிலேயே கனத்தது.

வலது பக்கக் காலும்
லேசாக ஆடுகிறதாம்.