வாசலில் வைக்கப்பட்டது

குக்கர் வாஷர் ஒன்று, மூன்று லிட்டர் அளவு.
விருதம்பட்டுக்கு வரவேண்டியது
சத்துவாச்சாரிக்குப் போய்விட்டது.
தப்பு என்னுடையதுதான்.
பழைய முகவரிக்குப் பக்கத்தில் இருந்த டிக்கை
எடுக்க மறந்திருக்கிறேன்.
பின்கோட்டில் கடைசி எண்தான் வித்தியாசம்,
ஒன்பதைக் கவிழ்த்துப் போட்டால் ஆறு.
ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவில்
ஓர் ஆறு கிடக்கிறது, பாலாறு,
தண்ணீர் இல்லாமல், லாரித் தடங்களோடு.

"அக்கா, ஊட்ல யாரும் இல்ல,
வாசல்லயே வெச்சிட்டு போட்டோ எட்துட்டேன்."
தணிகைவேல் என்று காட்டியது போன்.
நான் அங்கே இல்லையப்பா என்று சொல்வதற்குள்
அடுத்த தெருவுக்குப் போயிருந்தான்.

பிறகு படம் வந்தது.

பழுப்புப் பெட்டி, சின்னது. பின்னால் கதவு.
எங்கள் கதவு, அதாவது எத்திராஜுலு சாரின் கதவு,
ஆறு வருஷம் நாங்கள் திறந்து மூடியது.
கீழ்ப்பலகையில் சைக்கிள் இடித்த வடு.
பூட்டுத் துவாரத்தை ஒட்டி
நிரஞ்சனாவின் நட்சத்திரம்,
இருட்டில் பச்சையாய் மினுங்கும் ரகம்.
செகண்ட் ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு நான் வரும்போது
அவளும் அவரும் தூங்கியிருப்பார்கள்.
கரண்ட் போயிருந்தால்
சாவி எங்கே நுழையவேண்டும் என்று எனக்குத் தெரிய
அவளே ஒட்டியது. இரண்டாம் வகுப்பில்.

ஜன்னல் கம்பியில் டூ லெட் பலகை.

ஓசூரிலிருந்து மகன் வருகிறான் என்றுதான்
காலி செய்யச் சொன்னார் சார்.
அட்வான்ஸ் நாற்பதில் எட்டாயிரம் பிடித்தார்.
கதவு, சுவர், பெயிண்ட் என்று
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி,
கோடு போட்டு,
கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடும் போட்டு.
நான் வாயைத் திறக்கவில்லை.
மே மாதம். வேலூர் வெயிலில்
பீரோவை மாடியிலிருந்து இறக்கியவளுக்கு
சண்டைக்கென்று தனியாக எச்சில் ஊறாது.

படத்தைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன்.
பெயிண்டா? தூசிகூடத் தட்டவில்லை.
அப்படியே அவருக்கு அனுப்பினேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.
இரண்டு நீல டிக். அவ்வளவுதான்.
வாஷரும் வரவில்லை.
அந்த வாரம் முழுக்க
விசிலடிக்காத குக்கரில் வேகாத பருப்பு.

பதினெட்டு நாள் பொறுத்தேன்.
பிறகு, தெரிந்தே,
பழைய முகவரியைத் தொட்டு
நாற்பத்தொன்பது ரூபாய்க்கு
ஓர் அட்டை ஊக்கு போட்டேன்.
ஊக்கு வீட்டில் நிறைய இருக்கிறது.
எனக்குப் படம் வேண்டும்.

அதே தணிகைவேல்.
"இன்னாக்கா, புதுசா பெயிண்ட் அட்ச்சிகீறீங்க?
நல்லா கீது."

கதவு சாக்லேட் நிறத்தில் இருந்தது.
அவன் ஹெல்மெட் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு.
வடு இல்லை.
பலகை இல்லை.
நட்சத்திரம்

கேட்காமல் விட்டிருந்தால்
ஏமாந்தவளாக இருந்திருப்பேன்,
அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.
நிரஞ்சனாவிடம் சொல்லவில்லை.
அவளுக்கு இப்போது ஒன்பதாம் வகுப்பு, கேட்டால் சிரிப்பாள்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார்.
"உங்க பார்சல் ஒண்ணு இங்க வந்திருக்கும்மா."
அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ராத்திரி, எல்லாரும் படுத்தபின்
இரண்டு விரலால் பூட்டை விரித்துப் பார்த்தேன்.
பெயிண்டுக்கு அடியில்
ஐந்து முனையோடு ஒரு புடைப்பு.
சுரண்டவேயில்லை, மேலேயே பூசியிருக்கிறான்.
புதிதாகக் குடி வருகிறவர்கள்
கரண்ட் போன நேரம் தடவினால்
விரலுக்குத் தட்டுப்படும்.

இந்த வேலைக்கு
எட்டாயிரம் ரொம்ப அதிகம்.