தலைக்கணக்கு

தாதர் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே
ராணடே ரோட்டுக் குடைகளை மழை அடித்துக்கொண்டிருக்கிறது.
மேசையில் அக்டோபர் பட்டியல்:
ஜப்பான், ஒன்பது இரவு, பத்துப் பகல்,
முப்பத்தாறு பேர்.
அதில் பதினொருவருக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகாது.

பதினாறாவது முறை போகிறேன்.
தாராவி அறுபதடி ரோட்டில்
ஒரு குழாய்க்கு நாற்பது குடம் நிற்கும்.
என்னுடையது எத்தனையாவது என்று
தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.
இந்த வேலைக்கு அது போதும் என்று
நேர்காணலில் யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து எண்ணுவேன்.
அசாகுசாவில், பெரிய சிவப்பு விளக்கின் அடியில் எண்ணுவேன்.
புல்லட் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும்;
நடைமேடையில் ஓடியபடி குஜராத்தியில் எண்ணுவேன்.
தூக்கத்தில் மட்டும் தமிழில்.

போன ஏப்ரலிலும் முப்பத்தாறு பேர்தான்.
நாராவில் ஒரு மான்
தாமலே காக்காவின் பையிலிருந்து
தேப்லா பொட்டலத்தை உருவிக்கொண்டது.
காவலாளியிடம் இடுப்பு வரை குனிந்தேன்.
அவரும் குனிந்தார். நான் மறுபடி. அவரும் மறுபடி.
கடைசியில் மானும் குனிந்தது,
இன்னொன்று கேட்டு.

பெரிய புத்தர் கோயில் தூணில் ஒரு துளை.
நுழைந்து வெளியே வந்தால் புண்ணியம்.
காட்கோபர் வைர வியாபாரி ஜிதேன் பாய்
இடுப்போடு நின்றுவிட்டார்.
தலைப் பக்கம் மனைவி, கால் பக்கம் நான்.
"எஸ்தர் பென், மெதுவா, மெதுவா..."
ஊசிக்காதும் ஒட்டகமும் நினைவுக்கு வந்து
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

க்யோத்தோவில் கல் தோட்டம்.
வெள்ளைச் சரளையில் பதினைந்து கல்.
எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும்.
எல்லாரும் விரல் நீட்டி எண்ணிச் சிரிக்கிறார்கள்.
எனக்கு அந்த இடம் ஒத்துவராது:
ஒன்று குறைந்தால் வயிறு கலங்கும்.

அன்று சாயங்காலம்தான்
இனாரி மலையடியில்
முப்பத்தைந்து வந்தது.
மறுபடி எண்ணினேன்.
முப்பத்தைந்து.

நளினி காலா. முலுண்ட். அறுபத்தொன்று.
ஆறு நாளாக அவர் குரலை நான் கேட்டதில்லை.
கணவர், மகன், மருமகள் கூடவே வந்திருந்தார்கள்.
கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்றேன்.
மூன்று பேரும் மூன்று இடம் சொன்னார்கள்.

பெயரைக் கத்திக்கொண்டே ஏறினேன்.
ஆரஞ்சு வாசல், அதற்குள் இன்னொரு வாசல்,
காசு கொடுத்தவர்களின் பெயர் ஒவ்வொரு தூணிலும்.
மேலே ஒரு திருப்பத்தில்
கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரி.
அதன் காலடியில், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு,
அணைத்த போனை மடியில் போட்டு
உட்கார்ந்திருந்தார்.

"வழி தவறிட்டீங்களா?"

"இல்ல பென்.
கீழேருந்து என் பேரைக் கூப்பிட்டது கேட்டுச்சு.
நல்லா இருந்துச்சு.
இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

நாற்பது நிமிடம்.
எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை,
கோபமா என்னவென்று தெரியவில்லை.
இறங்கும்போது கேட்டார்:
"எண்ணும்போது உங்களையும் சேர்த்துக்குவீங்களா?"
"கிடையாது. கொடி பிடிக்கிறவள் கணக்கில் வரமாட்டாள்."
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
என் கையிலிருந்த கொடியை வாங்கி
அடுத்த வளைவு வரை
தானே பிடித்துக்கொண்டு நடந்தார்.

இப்போது பட்டியலில் இருபத்தேழாம் எண்:
நளினி காலா. முலுண்ட். அறுபத்திரண்டு. தனி அறை.
"ஆன்ட்டி, ஜப்பான் பார்த்தாச்சே, யூரோப் போடட்டுமா?"
என்று கேட்டானாம் கவுன்டர் பையன்.
அதே ஊர், அதே கோயில் போதும் என்றாராம்.
சிறப்புத் தேவைகள் என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

டீ ஆறிவிட்டது.
ஏழாம் நாள் அட்டவணையை எடுக்கிறேன்.
பட்டுக் கடை விஜயத்தை அடித்துவிட்டு
இனாரி மலைக்கு நேரே எழுதுகிறேன்:
சொந்த நேரம், நாற்பது நிமிடம்.

முதலாளி கேட்டால்
போட்டோவுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.