கோணல் லேபிள்

உத்தரவு வந்த அன்று
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி
சூப்பர்வைசர் தஸ்தகீர் பாஷா படித்தார்:
மூன்று கிலோ நூறு கிராம் டப்பா, நாற்பதாயிரம்.
புயலடித்த தீவு ஒன்றுக்கு.
தலைவரே விமானமேறிப் போய்க் கொடுக்கிறார்.
லேபிள் மட்டும் டெல்லியிலிருந்து வரும்.

தீவின் பெயரை அவர் இரண்டு விதமாகச் சொன்னார்.
நாங்கள் மூன்றாவது விதமாக வைத்துக்கொண்டோம்.

அதற்கு முந்தின வாரம்வரை
பெங்களூரா மாங்காய் கிலோ நாலு ரூபாய்.
கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் டிராக்டரிலேயே தூங்கிய
சந்தூர் திம்மராயன்
பாதி லோடை டேம் ரோட்டோரம் கவிழ்த்துவிட்டுப்
பாட்டை நிறுத்தாமல் திரும்பிப் போனான்.
உத்தரவு வந்தபின் நாலரை.
எங்கோ ஓடுகள் பறந்ததில்
இங்கே ஐம்பது காசு வந்து விழுந்தது.
காற்றுக்கு நன்றி சொல்ல வாய் வருமா?
திம்மராயன் சொல்லவில்லை.
மறுபடி லோடு மட்டும் கொண்டுவந்தான்.

லேபிளில் ஒரு கொடி, குலுக்கிக்கொண்ட இரண்டு கைகள்,
கீழே தெரியாத மொழியில் ஒரு வரி.
லாரிக்கார பையன் செல்போனைக் காட்டிப் படித்தான்:
‘மக்களிடமிருந்து மக்களுக்கு.’
எந்த மக்கள்டா, என்றாள் நாகவேணி.
பசை காய்ந்துகொண்டிருந்தது.

வாங்குகிறவர்கள் எப்படி நிற்கவேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
மத்தூர் பக்கம் எங்கள் ஊருக்கும்
ஒருமுறை வெளிநாட்டு மந்திரி வந்தார்.
பழுப்பேறிய பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு
ஃப்ளோரைடு வடிகட்டி தந்தார்.
மூன்றாம் வகுப்பில் நான் நன்றாகச் சிரிப்பேன் என்பதால்
முன்வரிசையில் நிறுத்தினார்கள்.
வெயில் முகத்தில்.
டம்ளர் கையில்.
கேமராக்காரர் போதும் என்கிறவரை
குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.
நல்ல தண்ணீர்தான், பொய் சொல்லக்கூடாது.
இனிப்பாகக்கூட இருந்தது.
நான்கு மாதத்தில் அடைத்துக்கொண்டது.
வடிகட்டி அறையின் சாவி
அவர்கள் இன்ஜினியரோடு ஊருக்குப் போய்விட்டது.
கல்வெட்டில் அவர்கள் கொடி
இன்னும் லேசாகத் தெரியும்,
மழை பெய்தால் கூடுதலாக.

நாற்பதாயிரம் டப்பாவும் போனபின்
ஒரு மத்தியானம்
கேன்டீன் டிவியில் தலைவர்.
கழுத்தில் தென்னங்குருத்து மாலை.
எதிரே அந்த நாட்டு ஜனாதிபதி, பெண்,
என் பெரியக்கா வயசிருக்கும்.
இருவருக்கும் நடுவே ஒரு டப்பா.
லேபிள் இடப்பக்கம் சாய்ந்து.

என்னுடையது!
மூன்றாம் ஷிப்ட், விடியற்காலை நாலு மணி,
கண் சொருகிக் கை வழுக்கியது.
இழுத்து ஒட்டப் பார்த்தேன், கிழியும்போல இருந்தது,
விட்டுவிட்டேன்.
கொடி கொஞ்சம் மலையேறுகிற மாதிரி,
கைகள் கொஞ்சம் வழுக்குகிற மாதிரி.
நான்கு விநாடி காட்டினார்கள்.
தலைவர் பார்க்கவில்லை. அவர் கேமராவைப் பார்த்தார்.
அந்தம்மா குனிந்து பார்த்தாள்.
கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தேய்த்துவிட்டாள்,
அவ்வளவுதான்.
நாகவேணி மோர்சோறு சிதறச் சிரித்தாள்:
உன் தூக்கம் கடல் தாண்டிப் போச்சுடி.

நானும் சிரித்தேன்.
அப்புறம் திரையில் வரிசை நின்றது.
வெயில் முகத்தில்,
டப்பாவை இடுப்பில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு
ஒருத்தி. அவளுக்குப் பின்னால் கூரையில்லாத வீடு,
பாத்திரம் என்று ஒன்றும் தெரியவில்லை.

பாய், என்றேன்,
டப்பா திறக்கிற கட்டர் அனுப்பினோமா?

தஸ்தகீர் பாஷா கண்ணாடியை மாட்டி
உத்தரவு நகலை முதலிலிருந்து படித்தார்.
பின்பக்கம் திருப்பினார்.
அங்கே முத்திரை மட்டும் இருந்தது.

ஆணியும் கல்லும் எங்கேயும் கிடைக்கும்,
என்று இலையை மடித்தாள் நாகவேணி.

கிடைக்கும்.
எங்கள் வடிகட்டி அறையை
நாங்களும் அப்படித்தான் திறந்தோம்.