இரண்டு முதல் எட்டு வரை

குப்பியின் அட்டையில் போட்டிருக்கிறது:
இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவும்.
உறைய விடக் கூடாது. குலுக்கக் கூடாது.
தேங்காய்ப்பட்டணம் ஐஸ் கம்பெனியில்
பதினோரு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
குளிரைப் பற்றி
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே அந்த ஆஸ்பத்திரி.
ஒரு அறையில் கஷாய வாசம்,
அடுத்த அறையில் ஈசிஜி.
டாக்டர் ஜெபின் ஒரு தாளில் மணிமணியாய் வரைந்தார்.
"இது அமினோ அமிலம். இப்படிக் கொஞ்சம் கோத்தால் பெப்டைடு.
செல்லுக்குப் போகிற கடுதாசி என்று வையுங்கள்."
நான் ஜெபமாலையை நினைத்தேன்.
பெர்க்மான்ஸ் தூண்டில் கயிற்றை நினைத்திருப்பான்,
சுறாவுக்கு ஒரே கயிற்றில் எண்ணூறு தூண்டில் இறக்கியவன்.
"எத்தன பேருக்கு கடிச்சு, டாக்டரே?"

டாக்டர் பேனாவை மூடினார்.
"சிலருக்கு. பெரிய ஆராய்ச்சி இன்னும் வரவில்லை.
டயாலிசிஸை நிறுத்தலாம் என்று
நானே சொன்னாலும் நம்பாதீர்கள்."
அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்
வளையலைக் கழற்றினேன்.

நாகர்கோவில் கிட்னி டாக்டர்
குப்பியைக் கையில் வாங்கவில்லை,
மேசைமேல் வைத்தே வாசித்தார்.
கிரியாட்டினின் ஏழு. இதயம் இருபத்தெட்டு சதவீதம்.
"இதில் பாதிப் பரிசோதனை எலியோடு நின்றுபோனது, அம்மா.
என்ன போட்டாலும் என்னிடம் மறைக்காதீர்கள்."
மறைக்கவில்லை.
ஐஸ் கட்டி எண்ணுகிற அதே நோட்டு,
இடது பக்கம் படகுகள், வலது பக்கம் அவன்:
எடை, கால் வீக்கம்,
எத்தனை தலையணை வைத்துத் தூங்கினான்.

மூத்திரத்தில் புரதம் ஒழுகுகிறது என்று
மீனை உள்ளங்கையளவு ஆக்கினார்கள்.
அதே புரதத்தின் துணுக்கைக் காசு கொடுத்து வாங்கி
வயிற்றுத் தோலைக் கிள்ளிக் குத்துகிறேன்.
"நெய்மீன் துண்ட பறிச்சிட்டு
அதுக்க முள்ள ஊசியில ஏத்துதியா?"
சிரித்தால் மூச்சு வாங்கும் அவனுக்கு.
வாங்கினாலும் சிரிப்பான்.

ஐப்பசியில் காற்றடித்தது.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
பிரிட்ஜில் புளிக்குழம்பு நுரைத்தது,
அதன் பக்கத்தில் ஒரு மாதத்து மருந்து.
தூக்குச் சட்டியில் வைத்து, முந்தானையால் பொத்தி,
மழையில் கம்பெனிக்கு நடந்தேன்.
அங்கே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.
முந்நூறு கட்டி ஐஸ்,
ஒரு குப்பிக்கு.

ஆனால் ஐஸ் தொட்டால் உறையும்,
உறைந்தால் கெட்டது.
விலக்கினால் சூடேறும், அதுவும் கெட்டது.
பிளான்ட் ஆப்பரேட்டர் தோபியாஸ்
மரத்தூள் அள்ளிக் கொண்டுவந்தான்.
கட்டிக்கும் குப்பிக்கும் நடுவே
ஒரு விரல், இரண்டு விரல், ஒன்றரை விரல்.
ராத்திரி முழுக்கத் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி
கிட்டே தள்ளினேன், தூரே இழுத்தேன்.
கல்யாணம் கட்டிய நாளிலிருந்து
இதைத்தானே செய்கிறேன் என்று தோன்றியது.
தோபியாஸிடம் சொல்லவில்லை.

மறுநாள் டயாலிசிஸ்.
ரோட்டில் குழித்துறை ஆறு ஓடியது, பஸ் இல்லை.
ஐஸ் லாரியில் ஏற்றிச் சுற்றுவழியாய்க் கொண்டுபோனோம்.
காலியான லாரியின் குளிரை மோந்து
"பிடிச்ச மீனப்போல போறேன்" என்றான்.

அந்த மாதம் வீக்கம் அரை விரல் குறைந்தது.
ஊசியா,
நாகர்கோவில் டாக்டர் மாற்றிய மாத்திரையா,
ஊறுகாய்ப் பாட்டிலை நான் ஒளித்ததா?
என் நோட்டில்
காரணம் எழுத இடம் கோடு போடவில்லை.
அடுத்த மாதம் எடை மறுபடி ஏறியது.
அதையும் எழுதினேன்.
இன்னும் நாலு குப்பி இருக்கிறது,
இன்னொரு வளையலும்.

நேற்று நடுராத்திரி நாக்கு வறண்டு எழுப்பினான்.
ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அது எட்டு மணிக்கே தீர்ந்திருந்தது.
வீட்டுத் தட்டில் உறைந்த சின்னக் கட்டி ஒன்று கொடுத்தேன்.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி,
"இத கணக்குல எழுதாத" என்றான்.

எழுதினேன்.
பதினைந்து மில்லி.