நிற்காத சத்தம்

ஓதாருவில் இரவு ஒன்றரைக்கு மேல்தான்
எனக்கு வேலை.
மீன் லாரிகள் துறைமுகத்துக்கு இறங்குவதற்குள்
ஒரு சரிவுத் தெருவை முடித்தாக வேண்டும்.

நெஞ்சுயர எஃகுக் கோல்.
ஒரு முனை மீட்டர் பெட்டிக்குள், குழாய்மேல்.
மறுமுனையில் சின்னத் தட்டு, அதில் என் காது.
நகராட்சி சம்பளம் தருவது
நான் பேசாமல் நிற்பதற்கு.

முதலில் காதில் விழுவதெல்லாம் வேறு.
பானம் விற்கும் இயந்திரத்தின் முனகல்,
மூடிக்குக் கீழே ஓடும் சாக்கடை,
நேரங்கெட்ட நேரத்தில் யாரோ தொட்டி நிரப்புவது,
என் முழங்கால்.
அவசரக்காரன் அங்கேயே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவான்.
முதல் வருடம் நானும் போட்டேன்.
கழுத்தளவு தோண்டி
காய்ந்த மண்ணைப் பார்த்து நின்றார்கள் ஐந்து பேர்.
ஒருவரும் திட்டவில்லை. அதுதான் வலித்தது.

இப்போது எண்ணுகிறேன், நூறுவரை, இருநூறுவரை.
குளிப்பவர் குழாயை மூடுவார். லாரி கடந்துவிடும்.
நின்றுபோகும் சத்தம் யாரோ வாழ்வது.
நிற்காத சத்தம் கசிவு.

ஞாயிறுதோறும் தங்கை சனாயே கூப்பிடுவாள், நெமுரோவிலிருந்து.
ஹீட்டர் டக்டக்கென்கிறது, அண்ணா.
வால்வை மாற்று.
தூக்கம் வருவதில்லை.
காபியைக் குறை.
முனெஹிரோ முன்போல இல்லை.
மீன் சீசன் முடியட்டும், சரியாகிவிடும்.
அவள் வாக்கியத்துக்கு
நான்தான் முற்றுப்புள்ளி வைப்பேன்.
சரி, நீ சொன்னால் சரி, என்பாள்.
நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டு
பல் துலக்கப் போவேன்.

நவம்பர், ஒரு செவ்வாய், இரண்டே கால்.
வலது காதில் கோல். இடது காதில் அவள்.
ஹீட்டர் மறுபடி, என்றாள்.
எதிர்வீட்டில் யாரோ குளிக்க இறங்கியிருந்தார்கள்,
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.
உம் கொட்டக்கூட வாய் வரவில்லை.

இருக்கிறாயா?

இருக்கிறேன்.

பிறகு அவள் மூச்சு,
பிறகு நீர், பிறகு ஒன்றுமில்லை,
பிறகு வேறொரு குரலில்:

செப்டம்பரிலேயே நான் அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டேன்.
குஷிரோவில் ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே சுவர்.
பத்து ஞாயிறாக ஹீட்டர் ஹீட்டர் என்கிறேன்,
எந்த வீட்டு ஹீட்டர் என்று
நீ கேட்கவேயில்லை.

சொல்லிவிடுகிறேன்: அவளுக்காக நான் அமைதியாயில்லை.
யாரோ ஒருவரின் குளியல் முடியக் காத்திருந்தேன்.
அதைத்தான் அவள்
பொறுமை என்று எடுத்துக்கொண்டாள்.

கோலிலிருந்து காதை எடுத்தேன்.
தட்டின் குளிர் வட்டமாய்க் கன்னத்தில் ஒட்டியிருந்தது.
நாக்கு நுனியில் மூன்று யோசனைகள்
வரிசையில் நின்றன: வக்கீல், அம்மா, ரயில் நேரம்.
மூன்றையும் விழுங்கினேன்.
எளிதாக இல்லை,
முள்ளோடு மீனை விழுங்கியது போல.

எந்த வீட்டு ஹீட்டர், என்றேன்,
பத்து வாரம் தாமதமாக.

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை,
குறி போடாமல் விட்டேன்.
பழையது, என்றாள். பச்சை நிறம்.
எனக்கு முன்னால் இருந்தவர்
அதன்மேல் துணி காயப்போட்டிருக்க வேண்டும்,
ஒரு பொத்தான் உருகி ஒட்டியிருக்கிறது.
அந்தப் பொத்தானைப் பற்றியே
வெகுநேரம் பேசினாள்.

கீழே முதல் லாரி இருமியது.
சனாயே இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.
இடது கையால் படிவத்தில் எழுதினேன்,
கோணல்மாணலாக:

இரண்டாம் சந்து, ஏழாம் எண்.
முடியவில்லை.
மறுபடி கேட்க வேண்டும்.