காலை ஐந்தரை

டில்லிபாபுவின் போனில் பேட்டரியைக் கழற்றிப் போட்டால்
மணி காலை ஐந்தரை,
தேதி ஜனவரி ஒன்று, 1970.
டவர் கிடைத்தால் தானே திருந்திக்கொள்ளும்.
மழை பிடித்த மூன்று நாளும்
வியாசர்பாடியில் டவர் ஏது.
பின்மூடிக்கு ரப்பர் பேண்டு போட்ட போன்,
சுவர் ஏறிக் குதித்தால் பேட்டரி நழுவும்.
இடுப்பளவு தண்ணீரில் தெருத் தெருவாக
1970-இலேயே நடந்துகொண்டிருந்தான்.

நான் நனையாத இடத்தில் இருந்தேன்.
கார்ப்பரேஷன் பள்ளி மாடி, ஆறாம் வகுப்பு,
யாரோ தூக்கி வந்த இன்வெர்ட்டர், என் லேப்டாப்.
பதினோரு போன்கள் தண்ணீருக்குள் போய்த் திரும்பும்.
படியேறி வைஃபையைத் தொட்டதும்
மடியில் கட்டி வந்ததைக் கொட்டும்:
கதவு எண், எத்தனை பேர், என்ன வேண்டும்.
மற்றவர் கொட்டியதை அள்ளிக்கொண்டு இறங்கும்.
காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை.
எந்த ஊரிலோ யாரோ எழுதி
கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனது.
நிறுவத் தெரியும் எனக்கு. உள்ளே போய்ப் பார்த்ததில்லை.
பந்தியில் உட்கார்ந்தவள் அடுப்படிக்கா போவாள்?

உள்ளே ஒரு விதி இருந்தது.
ஒரே வீட்டைப் பற்றி இரண்டு போன் இரண்டு சொன்னால்
கடைசியாக எழுதியது நிற்கும்.
காசிமேட்டு ஃபைபர் படகோடு வந்திருந்த தேசப்பனுக்கும்
ஒரே பதில்தான் வேண்டும்:
‘போவணுமா, வாணாமா?’

மூன்றாவது குறுக்கு, 14/2.
பவுலின், 9.40: பூட்டு. காலி.
டில்லிபாபு, அதற்கு ஒரு மணி நேரம் கழித்து:
மொட்ட மாடி ஷீட்டுக்கடில ஒரு அம்மா. சுகர். ஊசி தீந்துபோச்சி.
அவன் போன் போட்ட முத்திரை
1970, காலை 5.52.

பன்னிரண்டுக்கு வந்தான்,
படியிலேயே நின்று கொட்டினான்,
பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கிவிட்டான்.
வாயால் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை,
எழுதியாயிற்றே.

நான் பிறப்பதற்கும் முந்தைய சேதி என்று
இயந்திரம் அதை ஓரமாய் வைத்தது.
மணி அடிக்கவில்லை. சிவப்பு எரியவில்லை.
14/2 பச்சை. காலி.
அந்த முனையைப் படகு இரண்டு தரம் கடந்திருக்கிறது.

மூன்று மணிக்கு டீயை ஊதிக்கொண்டே கேட்டான்:
‘அந்தம்மாவ இட்டாந்துட்டாங்களாக்கா?’
‘எந்தம்மா?’
கிளாஸை வைத்துவிட்டுப் போனைத் தடவினான்.
அவன் போனிலும் காலி என்றே இருந்தது.
அவன் எழுதியது
அவன் கையிலேயே மாறியிருந்தது.
‘நாந்தானேக்கா எய்தினேன்’ என்றான்,
என்னிடம் அல்ல, போனிடம்.

நாகேந்திரம்மா உயிரோடு இருந்தார்.
படகு வாங்கிய ஏச்சு முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது:
‘காலீல ஒரு புள்ள பாத்து எய்தினு போச்சே,
இன்னாத்த கிழிச்சினு இருந்தீங்க?’
ஸ்டான்லியில் ஒன்பது நாள்.
ஒரு கால் விரல் போயிற்று.

அன்றிரவு உள்ளே போனேன்.
பூட்டிய கடை என்றால் ஷட்டரை உதைக்கலாம்.
திறந்து கிடக்கிறது, யாரை உதைப்பது?
விதிக்கு மேலே எழுதியவரே ஒரு வரி வைத்திருந்தார்,
வாடகைப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் போலப் பொடியாக:
எல்லாக் கடிகாரமும் சரியாக ஓடினால் மட்டும்.

படிக்காதது நான்.

மாற்றியது ஒன்பது வரி.
இரண்டு போன் இரண்டு சொன்னால்
இரண்டையும் வை. மஞ்சளாக்கு. ஒரு ஆளைக் கேள்.
விடிந்தபோது முப்பத்தேழு வீடு மஞ்சள்.
‘இன்னாம்மா, தெருவே மஞ்ச காமால வந்தா மாதிரி கீது’
தேசப்பன் சலித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.
முப்பத்தேழில் முப்பத்தைந்து சும்மா.
மாற்றியதை எழுதியவருக்கும் அனுப்பினேன்.
பதில் இன்னும் இல்லை.

டில்லிபாபு புது ரப்பர் பேண்டு கேட்டான்.
பேட்டரியைச் சட்டையில் துடைத்துப் போட்டான்.
‘மணி இன்னாக்கா?’
எட்டு பத்து என்றேன்.
சரி என்று தலையாட்டிவிட்டு
மாற்றாமலே இறங்கினான்.