ஏழாவது நிலா

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு மணி.
வண்ணார்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே
பன்னிரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி.
அது சுற்றத் தொடங்கினால்
வாசிக்க வைத்திருக்கும் தாள்களின் மேல்
அவரவர் சாவிக்கொத்து.

பகலில் நான் தண்ணீர் வரி வாங்குகிறவள்.
சில்லறை குறைந்தால் எண்ணாமலே தெரியும்.
அதனால்தானோ என்னவோ
புதிதாக வருகிறவர்களின் பிரதியை
என்னிடம் தள்ளிவிடுகிறார்கள்,
ஒரு சிவப்புப் பேனாவோடு.

ஆனிக் காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஒரு நாள்
உச்சிமாகாளி வந்தான்.
பேட்டையில் பேட்டரிக் கடை வேலை.
சட்டை ஓரமெல்லாம் அமிலம் தின்ற ஓட்டை.
உட்காரச் சொன்னது காதில் விழாமல்
நின்றபடியே வாசித்தான்.
இருபத்திரண்டு வரி. ஏழு நிலா.

எண்ணினேன். எண்ணியதைச் சொல்லவும் செய்தேன்.
"நிலாவ எல்லாம் எடுத்துருங்க தம்பி,
மிஞ்சுனத அப்புறம் பாப்போம்."
யாரோ சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தை இன்னும்
எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அடுத்த மாதம் அவன் நாற்காலியில்
யாருடைய ஹெல்மெட்டோ உட்கார்ந்திருந்தது.
அதற்கடுத்த மாதமும்.

ஆகவே ஜெபக்கனி வந்தபோது
பேனாவை மூடியே வைத்திருந்தோம்.
நர்ஸிங் படிக்கிற பிள்ளை, சமாதானபுரத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி வருகிறாள்.
முதல் கதைக்கு ஆஹா.
இரண்டாவதுக்கும் ஆஹா.
மூன்றாவதில், இரண்டாம் பக்கத்தில் செத்துப்போனவர்
நாலாம் பக்கத்தில் டீ குடித்தார்.
அதற்கும் ஆஹா.
முகைதீன் சார் மட்டும்
துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

படி இறங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.
"எக்கா, நெசமாவே கேட்டீயளா?
செத்த ஆளு டீ குடிக்காரு.
வேணும்னுதான் எழுதுனேன்,
யாராச்சும் கேப்பீயன்னு."

கீழே கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.
அந்தச் சத்தத்தில்
நான் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கலாம் அவள்.

புரட்டாசியில் என் பழைய ஸ்கூட்டர் படுத்துவிட்டது.
தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய கடையில்
உச்சிமாகாளி குனிந்திருந்தான்.
ஒன்றும் பேசாமல் பேட்டரியைக் கழற்றினான்.
ஒவ்வொரு துளையிலும் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினான்,
கூடாமல் குறையாமல்.
இதை உவமையாக்கக் கை துறுதுறுத்தது.
அடக்கிக்கொண்டேன்.

"மிஞ்சுனத பாப்போம்னீய.
யாரு பாத்தா?"

நீதான் வரவே இல்லையே என்றேன்.

"வந்தேம்லா எக்கா.
படியில நின்னேன். உள்ள சிரிப்பு.
வேற எதுக்காவதுதான் இருக்கும்."

பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினான்.
கார்பன் நீலம் படிந்த எழுத்து:

நகக்கண்ணில் ஈயம்.
சோறு பிசையும்போது
மகள் தட்டைப் பார்க்கவில்லை,
பாவம், என் கையைப் பார்க்கிறாள்.
நிலா காய்கிறது.

இரண்டு முறை படித்தேன்.
ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்து சொன்னேன்:
இந்தக் கை எனக்கு ராத்திரி தூக்கம் தராது.
'பாவம்' வேண்டாம், அதை நான் பட்டுக்கொள்கிறேன்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன்,
நடுவில் மூச்சு விட்டால்
ஏதாவது ஒன்று கீழே விழுந்துவிடும் என்று.

அவனே அடித்தான் 'பாவ'த்தை.
ஸ்க்ரூட்ரைவர் பிடித்த அழுத்தத்தில்
தாள் கிழிந்தது.

நிலா?

"ஆற எடுத்துட்டேன்.
இது முடியாது. அன்னைக்கு நெசமாவே இருந்துச்சு."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
திறந்து, அந்த வரிக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை வா, சண்டை போடுவோம்.

கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை அவன்.
நானும் கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது.
பாலம் ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது:
ஜெபக்கனியிடம் கேட்க வேண்டும்,
அவர் குடித்த டீயில்
சர்க்கரை உண்டா என்று.